அம்மா காரிலிருந்து இறங்காத காரணம்

தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீங்கள் கனடாவில் இறங்கி, பயிற்சி ஆட்டங்கள் ஒன்றிரண்டு ஆடி முடித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் விரைவாக வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் அம்மாவைப் பற்றி எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. எழுதிப் பார்த்தேன், யாரோ ஒரு பெண்ணைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது. கிழித்துவிட்டேன். மெதுவாக வாசி. விளங்காத சொல் வந்தால் அதைத் தாண்டிப் போ, மிச்சம் விளங்கும்.

நீ புறப்பட்ட அன்று அம்மா காரை விட்டு இறங்கவில்லை. மழை என்றாலும் பெரிய மழை இல்லை. நெஞ்சில் நியூஸிலாந்து அணியின் வெள்ளி இலை தைத்த கறுப்புக் கோட்டுடன் நீ விமான நிலைய வாசலில் நின்று கார்கள் நிற்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். மற்றப் பையன்களின் தாய்மார் அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், படம் எடுத்தார்கள். நீ என்னிடம், "அம்மாவுக்கு என் மேல் கோபமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய். "தலையிடி" என்றேன். அதை நீ நம்பவில்லை என்பதை உன் முகத்தில் கண்டேன். அந்த முகத்தோடு உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இந்த மனத்தோடு நீ மைதானத்தில் இறங்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு உன் மேல் கோபம் இல்லை. அவளுக்குத் தன் மேலும் தன் கடவுள் மேலும் பயம். அது எப்படி வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நம் ஆட்களுக்கு சொஃப்ட்போல் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே எனக்கு வாய் நொந்த காலம் ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் இருக்கிறான் அல்லவா, அது மாதிரி ஓர் ஆள், பெயர் கேட்சர், அடிக்கிறவனுக்குப் பின்னால் முகத்தில் கம்பிக்கூடு போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்கக் குந்தியிருப்பான், எறிகிறவன் எறியும் பந்தெல்லாம் அவன் கைக்குத்தான் வரும் என்று சொல்வேன். "அப்ப கிரிக்கெட்டே விளையாடியிருக்கலாமே, பொடியனுக்கு மட்டை பிடிக்கத் தெரியாதோ?" என்பார்கள். பந்து மெத்தென்றுதானே இருக்கும் என்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாந்தவர்களுக்கு உன் வலது கைப் பெருவிரலைக் காட்டியிருக்கிறேன். பத்து வருடமாக நீ ரிசேர்வில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்ட நம் இன்ஜினியர் நண்பர் ஒருவர், "படிப்பில எண்டால் இதுக்குள்ள டொக்டராய் வந்திருப்பான்" என்று என் காதில் படும்படியாகவே சொன்னார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஆனால் ஒன்றை அவர்களுக்கு என்னால் விளங்கப்படுத்தவே முடியவில்லை. மற்ற இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றிப் போடலாம். கேட்சரின் இடம் அப்படி இல்லை. நல்ல கேட்சர் ஒருவன் அதில் குந்திவிட்டால் அவன் எழும்பும்வரை மற்றவன் வெளியில் இருக்கவேண்டியதுதான். உனக்கு முன்னால் குந்தியிருந்தவன் ஹேமி. உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், ஆக்லாந்தின் ரானுயியில் பிறந்து வளர்ந்த மாவோரிப் பையன், நாட்டிலேயே முதலாம் இடத்துக் கேட்சர். கிளப்பிலும் அவன்தான், ஆக்லாந்து அணியிலும் அவன்தான், நியூஸிலாந்து அணியிலும் அவன்தான். வேறு கிளப்புக்குப் போனாய், ஒரு சீஸனில் திரும்பி வந்தாய். இடத்தை மாற்று, முதல் பேஸில் நில் என்றார்கள், மாட்டேன் என்றாய். இரண்டாம் தர அணியோடு வான் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனாய். லீவு தராததால் வேலைகளை விட்டாய். சனிக்கிழமைகளில் பெரிய அணிக்கு நீ செய்தது, வேலி ஓரத்தில் எறிகாரர்களுக்குக் கை சூடேறும்வரை பந்து பிடித்துக் கொடுப்பது. ஆட்டம் தொடங்கியதும் வெளியே வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துவிடுவாய். அங்கேயே அந்தப் பெருவிரலையும் முறித்துக்கொண்டாய். "விளையாடாமலே கை முறிக்கிற விளையாட்டு உலகத்தில இது ஒண்டுதான்" என்று அம்மா நல்லெண்ணெய் தடவிக்கொண்டு திட்டினாள்.

அவள் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. சேலைக்கு மேல் பெரிய குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் தேநீரோடு, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் ஹேமி வியர்வையோடு வலையடிக்கு வந்து, "ஆன்ட்டி, இன்று என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்பான். அவள் கட்லட் டப்பாவைத் திறந்து முதலில் அவனுக்குத்தான் நீட்டுவாள். உனக்கு மிச்சம்தான். "கஷ்டப்பட்டு விளையாடினவன் முதல்ல சாப்பிடட்டும்" என்பாள். உனக்கு அது சுருக்கென்று குத்தியிருக்கும். 

இந்த வருடம் தேசியப் போட்டி இங்கே ஆக்லாந்தில் நடந்தது, அது முடியத்தான் கனடாவில் நடக்கும் உலகப் போட்டிக்கு அணி எடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நாங்கள் மங்கரேயில் வழக்கமாகக் கும்பிடும் கராஜுக்குப் போயிருந்தோம். புல் வெட்டும் மெஷினை மூலையில் தள்ளி, அதன் மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடி, சுவர்த் தட்டில் சாமிப்படங்களை வைத்திருக்கிறார்களே, அந்த இடம்தான். தேவாரம் முடிந்து எல்லோரும் சுண்டலுக்கு எழும்பிய பிறகும் அம்மா எழும்பவில்லை. திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "நல்லூர்க் கோயிலுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். இந்த முறை இவனை உள்ளுக்கு எடுத்தால், திருவிழாவுக்குப் போய் கற்பூரச்சட்டி எடுக்கிறன் எண்டு." எரியும் கற்பூரத்தோடு சட்டியை ஏந்தி வீதி சுற்றி வருவது சின்ன விஷயம் இல்லை. அதுவும் இப்போது போருக்குள் ஊர் கிடக்கிற கிடையில். "போக வழி வேணுமே" என்றேன். "அவர் குடுத்தால் வழியும் காட்டுவார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ வாங்கிலிருந்து பார்த்தாய். நாங்கள் வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம். மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்தவன் பெரிய உடம்புக்காரன். ஓடுகிறவன் வந்து தொடவேண்டிய ஹோம் பிளேட்டை ஹேமி மறித்து நின்று பந்துக்குக் கை நீட்டினான். பந்து வந்து சேர்ந்த அதே நேரம் ஆளும் வந்து மோதினான். புழுதி அடங்கியபோது ஹேமி கையுறை போட்ட இடது கையால் வலது மணிக்கட்டை அணைத்துத் தாங்கிக்கொண்டு முழந்தாளில் இருந்தான். பந்து அவன் கையுறைக்குள்ளேயே இருந்தது. ஓடிவந்தவன் அவுட். பயிற்சியாளர் வாங்கின் பக்கம் திரும்பும் முன்பே நீ காலில் கவசத்தின் பட்டிகளை மாட்டத் தொடங்கியிருந்தாய். அது உன் வேலை. அதில் ஒரு பிழையும் இல்லை. ஹேமியைத் தாங்கிக்கொண்டு போகும்போது எல்லோரும் கைதட்டினார்கள். நீ உள்ளே இறங்கும்போதும் கைதட்டினார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்த நம் ஆட்களில் ஒருவர், உன்மேல் உள்ள ஆசையால்தான், "அக்கா! பிள்ளைக்குச் சான்ஸ் வந்திட்டுது!" என்று கத்தினார். அம்மா இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று நீ ஆடிய ஆட்டத்தை நான் இருபது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உன் தகப்பன் என்ற முறையில் இல்லை: உன்னை எடுத்தவர்கள் இரக்கத்தில் எடுக்கவில்லை. இரண்டாம் பேஸுக்குக் களவாக ஓடியவனை நீ பந்தை எறிந்து அவுட்டாக்கியபோது மைதானமே எழும்பியது. அம்மா எழும்பவில்லை.

அணியில் உன் பெயர் வந்த அன்று வீட்டுக்கு ஆட்கள் கேக்கோடு வந்தார்கள். அந்த இன்ஜினியர் நண்பரும் வந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அம்மா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள், உட்காரவில்லை. நீ குசினிக்குள் போய், "உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டாய். "சாப்பிடு" என்றாள். அன்றிலிருந்து சாமியறையில் விளக்கு எரியவில்லை. எண்ணெய் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் வாங்கி வந்தேன். போத்தல் திறக்காமலே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கராஜுக்கும் வரமாட்டேன் என்றாள். பிறகுதான் கேட்டேன், என்ன என்று.

"நான் கேட்டுத்தானே அந்தப் பெடியன்ர கை முறிஞ்சது" என்றாள்.

"நீர் கேட்டது பிள்ளைக்கு ஒரு இடம். கை முறிய வேணுமெண்டு கேக்கேல்லையே" என்றேன்.

"அங்க ஒரு இடம்தானே கிடக்கு? அதில இருக்கிறவனை எழுப்பாமல் இவன் எங்க இருக்கிறது? எனக்கு அது தெரியாதே? பத்து வருஷமாய் வலைக்குப் பின்னால இருந்து பாத்தவள் நான். தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்."

நான் பல நியாயம் சொன்னேன். ஓடிவந்தவனின் வேகம் என்றேன், நிலம் சறுக்கியது என்றேன், இந்த விளையாட்டில் இது நடப்பதுதான் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "என்ர கையால சாப்பிட்டவன்" என்றாள். 

அந்த நேர்த்தியைத் திருப்பி எடுக்க முடியுமா என்று என்னை விசாரித்து வரச் சொன்னாள். கராஜில் பூசை செய்பவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கேட்டது கிடைச்சிட்டுதெல்லோ? இனித் தீர்க்கலாம். திருப்பிக் குடுக்கேலாது" என்றார். தீர்ப்பதென்றால் நல்லூருக்குப் போகவேண்டும். ஊரில் ஊரடங்கு; நம் கடிதங்களே போய்ச் சேருகின்றனவா என்று தெரியாத காலம். ஆக, கேட்டது இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம் என்று அழுகிறவள், அதற்குரியதைக் கொடுக்கவும் முடியாமல் நிற்கிறாள். கொடுக்காமல் விட்டால் அது உன் தலையில் விழும் என்பது அவள் பயம். அன்று அவளைக் காரை விட்டு இறங்கவிடாததும் அந்தப் பயம்தான். இதில் நான் எதையும் நம்புகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். நம்பாதவனால் நம்புகிறவளுக்கு ஓர் உதவியும் செய்ய முடியாது என்பதை இந்த மாதங்களில் கண்டேன்.

இத்தனை மாதமும் ஹேமி வீட்டுப் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. நீ போய்விட்ட பிறகு, வந்த ஞாயிற்றுக்கிழமை, கட்லட் பொரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு, "காரை எடுங்கோ" என்றாள். ரானுயியில் ஹேமியும் அவனுடைய தாயும் இருந்தார்கள். தேநீர் வந்தது. ஹேமி கோப்பையை இடது கையால் எடுத்தான். இரண்டாம் தரமும் மணிக்கட்டை வெட்டித் திருத்தியிருக்கிறார்கள். கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தன் கூரை போடும் வேலைக்கு அவன் இன்னும் போகவில்லை. இதை அவன் உனக்கு இவ்வளவாகச் சொல்லியிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

அம்மா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. தன் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "நான் கடவுளிடம் கேட்டது. என் மகன், உள்ளே. வெள்ளிக்கிழமை கேட்டது. ஞாயிறு உன் கை." அவ்வளவுதான். அவன் கோப்பையை வாயிலிருந்து எடுத்தான். பிறகு சிரித்த சிரிப்பில் கோப்பை தளும்பியது.

"ஆன்ட்டி, உங்கள் மகன் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவன் கால் உடையவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. உங்கள் கடவுளின் விலாசத்தைத் தாருங்கள்!"

அவனுடைய தாய் அவன் முதுகில் ஓர் அறை வைத்து, "வாயை மூடு, முட்டாள். இவர் பயந்துபோயிருக்கிறார், தெரியவில்லையா?" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் வந்து நெருங்கி உட்கார்ந்து, தலை குனிந்து தங்கள் மொழியில் ஏதோ வேண்டினார். அம்மா அவர் கையைப் பிடித்தபடி இருந்தாள். சிரிக்கவில்லை. வெளிக்கிடும்போது ஹேமி கார்வரைக்கும் வந்து, சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "அவனிடம் சொல்லுங்கள், பிளேட்டை மறித்து நிற்க வேண்டாம் என்று. பக்கமாக நிற்கட்டும். ஓடிவருகிறவனுக்கு வழியை விட்டுவிட்டுத் தொடட்டும். ஒரு ஓட்டம் போனால் போகட்டும்." நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி எதுவும் இதைவிடப் பெரிதில்லை. எனக்கு உன் விளையாட்டு தெரியாது; அவனுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் அம்மா வெறும் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இப்ப இவனுக்குப் பின்னால ஆர் இருக்கிறது?"

"எங்க?"

"வாங்கில."

லோவர் ஹட்டிலிருந்து வந்திருக்கும் இளம் பொடியன் ஒருவன், பெயர் க்ரெய்க், நல்ல கை என்று சொல்கிறார்கள் என்றேன்.

"தாய் இருக்கோ?"

"இருக்கும்."

"அவ என்ன கேக்கிறாவோ" என்றாள்.

 வீட்டுக்கு வந்து இறங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். அந்தத் தாய்க்கு நான் போன் எடுக்கவேண்டும். கடவுளிட்டப் பிள்ளைக்குச் சுகம் கேளுங்கோ, இடம் கேக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லவேண்டும். "நான் கேட்டுப் பட்டது போதும், அவவும் படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ." முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "நீங்கள் பேப்பர்காரன்தானே, ஆரிட்டையும் எதையும் கதைப்பீங்கள்" என்றாள். இரண்டு நாள் தட்டிக் கழித்தேன். இன்று காலை எடுத்தேன்.

நல்ல மனிதர். உன் பெயரைச் சொன்னதும் குரல் மலர்ந்தது. தன் மகன் உன்னைப் பற்றித்தான் எப்போதும் கதைக்கிறானாம். வாங்கில் எப்படி இருப்பது என்பதை உன்னிடம்தான் படித்தானாம். அங்கே குளிர் எப்படி, இங்கே மழை எப்படி என்று பேசினோம். அம்மா கதவடியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வாயெடுத்த நேரம் அவர் கேட்டார், ஒரு கள்ளமும் இல்லாமல், அன்பாகத்தான் கேட்டார்: "உங்கள் மகன் இன்னும் எத்தனை வருடம் ஆடுவதாக இருக்கிறான்?"

தெரியாது என்றேன். அவர்கள் இருவரும் நன்றாக ஆடட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"சொன்னீங்களோ?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லை."

"அவ என்ன கேட்டவ?"

அதையும் சொன்னேன். ஒளித்து என்ன பயன்? அவள் தலையை ஆட்டினாள். அவருடைய கேள்வி அவளுக்குப் புதிதாக இருந்ததாகத் தெரியவில்லை. அவள் பத்து வருடமாகத் தனக்குள் கேட்ட கேள்விதானே அது. "அப்ப அவவுக்கும் சேத்து நானே கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எண்ணெய்ப் போத்தலின் மூடி திறக்கும் சத்தமும் நெருப்புப்பெட்டிச் சத்தமும் எனக்குக் கேட்டன.

இடம் ஒன்றுதான், பிள்ளைகள் இரண்டு பேர். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. இத்துடன் நிறுத்துகிறேன், தம்பி. அம்மா சாமியறையிலிருந்து கூப்பிடுகிறாள். அந்தப் பிள்ளையின் பெயர் மறந்துவிட்டதாம்.

அப்பா